கத்திக்கு மட்டும் சிவப்பு வட்டம்

கேள்வி: நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மகன் பிளஸ் ஒன், மகள் எட்டாம் வகுப்பு. ஒரு வருடமாக மகன் காதில் எந்நேரமும் இயர்போன். கேட்பதெல்லாம் அமெரிக்க ராப் பாட்டு. இப்போது அவனே தமிழில் எழுதவும் ஆரம்பித்திருக்கிறான். போன வாரம் வகுப்பில் அந்த நோட்டைப் பிடித்துவிட்டார்கள். கத்தி, ரத்தம் என்று எழுதுகிறான், கவுன்சலிங் கூட்டிப் போங்கள் என்று என்னை வரச்சொல்லிச் சொன்னார்கள். என் தம்பியோ, 'அது கஞ்சாக்காரன், துப்பாக்கிக்காரன் பாட்டு, முதலில் போனைப் பிடுங்கு' என்கிறான். மகளிடம் ஒரு பாட்டுக்கு அர்த்தம் கேட்டேன். பெண்களைப் பற்றி அதில் வரும் பேச்சு எனக்கே கூசிவிட்டது. இந்தப் பாட்டு பிள்ளைகளைக் கெடுக்கும் என்று ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா? நிறுத்தச் சொல்லலாமா? நோட்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். நாலே வரி. உங்கள் மகனைக் கேட்காமல் அதை இங்கே எடுத்துப்போட எனக்கு உரிமை இல்லை. அதனால் வரிகளின் கடைசிச் சொற்களை மட்டும் சொல்கிறேன்: முடியும், எரியும், முடியும், தெரியும். முதல் இரண்டு வரியும் ககரத்தில் தொடங்குகின்றன, அடுத்த இரண்டும் ஒகரத்தில். மோனை, இயைபு என்று தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்யவைக்கிற சமாச்சாரம்தான். இவன் யாரும் கேட்காமலே போட்டிருக்கிறான்.

முதல் வரியில் கத்தி வருகிறது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், அதுவும் இரண்டு சுற்று. மூன்றாவது வரியில் ஒன்பது மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது. நான்காவது வரியில் ஒரு பையன் அம்மாவுக்காகக் காத்திருக்கிறான். வட்டம் போட்டவர் அதுவரை போகவில்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்களும் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டால் எந்த அம்மா கண்ணிலும் கத்திதான் முதலில் படும்.

ஆராய்ச்சி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அதில் ஒன்று கிட்டத்தட்ட இந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றியதே. கிங்ஸ்டன் ட்ரையோ என்று அமெரிக்காவில் ஒரு மூவர் குழு இருந்தது. கோடு போட்ட சட்டை, கையில் கிடார், சிரித்த முகம். குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கிற ரகம். 1960-இல் அவர்கள் பாடிய ஒரு பாட்டில், ஒருவன் போலீஸ்காரரைச் சுட்டுவிட்டு ஓடி மாட்டிக்கொள்கிறான். 1990-களில் கேரி ஃபிரைட் என்ற உளவியலாளர் அந்த வரிகளைத் தாளில் அச்சடித்து ஆட்களிடம் படிக்கக் கொடுத்தார். சிலரிடம் இது கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்க நாட்டுப்புற ரகம் என்றார், சிலரிடம் ராப் என்றார். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. ராப் என்று நம்பிப் படித்தவர்கள்தான் அதை அருவருப்பானது, ஆபத்தானது, கட்டுப்படுத்த வேண்டியது என்று கூடுதலாகக் குறித்தார்கள். பாடியவர் கறுப்பர் என்று படம் காட்டியபோதும் அப்படியே. 2016-இல் கலிஃபோர்னியாவில் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தார்கள். ராப் என்ற பெயரை ஒட்டியதும் தராசு அதே பக்கம்தான் சாய்ந்தது.

இது காகிதத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் இளைஞர்கள் எழுதிய ராப் வரிகளையே அவர்களுக்கு எதிரான ஆதாரமாக வாசிக்கும் வழக்கம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் ஒரு கொலை முயற்சி வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் எழுதிவைத்திருந்ததிலிருந்து 13 பக்கத்தை, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல உட்கார்ந்திருந்த பொதுமக்கள் நடுவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். சம்பவத்துக்குப் பல வருடம் முன்பே எழுதியதும் அதில் இருந்தது. மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. 2014-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் ரத்தானது சரியே என்றது. ஷெரிஃப் என்ற போலீஸ் அதிகாரியைச் சுட்டேன் என்று பாடகர் பாப் மார்லி பாடியதால் அவர் நிஜமாகவே சுட்டார் என்று யாராவது நினைப்போமா என்று தீர்ப்பிலேயே கேட்டார்கள். 2022-இல் கலிஃபோர்னியா, பாட்டு போன்ற கலைப்படைப்புகளைச் சாட்சியமாகக் கொண்டுவருவதற்குக் கட்டுப்பாடு வைத்துச் சட்டம் போட்டது. உங்கள் மகன் வகுப்பில் நடந்ததும் சின்ன அளவில் அதே மாதிரி ஒரு விசாரணைதான். தீர்ப்பு மட்டும் முதல் வரியிலேயே வந்துவிட்டது.

சரி, அப்படியானால் பாட்டுக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். உங்களுக்குக் கூசியது என்றீர்களே, அதற்கு ஆதாரம் இருக்கிறது. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1,461 பேரை 12 முதல் 17 வயதில் தொடங்கிச் சில வருடம் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பெண்ணை ஒரு பண்டமாகவும் ஆணை அடங்காத மிருகமாகவும் காட்டும் பாடல்களை அதிகம் கேட்ட பிள்ளைகள், பிஞ்சிலேயே உடலுறவில் இறங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ராப் மட்டுமல்ல, வேறு வகைப் பாடகர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். காதலையும் காமத்தையும் பாடினாலும் யாரையும் இழிவுபடுத்தாத பாடல்களுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. பாட்டுதான் காரணம் என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் அப்படிப்பட்ட பாட்டைத் தேடிப் போகிறார்களோ என்றும் கேட்கலாம். ஆனாலும் எனக்கு இது முக்கியம். எந்த வகைப் பாட்டு என்பதைவிட, ஒரு பாட்டு மனுஷியை எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

கத்தி, துப்பாக்கி விஷயத்தில் எனக்கு அவ்வளவு பயம் இல்லை. கேங்ஸ்டா ராப் என்ற வன்முறைப் பாட்டு அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது 1990-களில். 1991-இல் அங்கே லட்சம் பேருக்கு 9.8 கொலைகள். 2000-இல் 5.5. பாட்டு கொலையைக் குறைத்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை, அது வேறு கதை. பாட்டு பரவினால் கொலை பெருகும் என்ற கணக்கு உதைக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் தம்பிக்கு ஒரு தகவல். தாய்மாமன் சொல்லுக்கு வீட்டில் எடை அதிகம், அதனால் அவரும் தெரிந்துகொள்ளட்டும். ராப்பின் தாய்வீடான ஹிப் ஹாப் பிறந்ததாக எல்லாரும் குறிப்பிடும் தேதி 1973 ஆகஸ்ட் 11. இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறை. சிண்டி கேம்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். அதற்காக ஒரு பார்ட்டி வைத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். ரெக்கார்டு போட்டது அவள் அண்ணன் கிளைவ், அதாவது டி.ஜே. கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஆடுகிறவர்களுக்குப் பிடித்த தாளத் துண்டை மட்டும் மாற்றி மாற்றி நீட்டுவது அவர் கண்டுபிடித்த வித்தை. நெடுஞ்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டு, மிச்சமிருந்த கட்டடங்கள் தெருத் தெருவாகப் பற்றி எரிந்துகொண்டிருந்த ஊர் அது. துப்பாக்கியும் போதையும் பின்னால் பாட்டில் வந்தது உண்மைதான். தெருவில் இருந்ததுதான் பாட்டிலும் வந்தது. அது நன்றாக விற்கிறது என்று தெரிந்ததும் பெரிய கம்பெனிகள் அதையே கேட்டு வாங்கின. 1991-இல் கடைக் கல்லாவில் பார்கோடு மூலம் விற்பனையைக் கணக்கெடுக்கத் தொடங்கியபோதுதான் இந்தப் பாட்டுக்கு எத்தனை பெரிய சந்தை என்று தெரியவந்தது. வாங்கியவர்களில் ஏராளமானவர்கள் புறநகர் வெள்ளைக்காரப் பையன்கள்.

இப்போது உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். அதை யாரும் 'உங்களுக்குப் புரியாது' என்று தள்ளிவிட விடாதீர்கள். அமெரிக்காவில் இந்தச் சண்டையை நன்றாகப் போட்டவர்கள் கறுப்பினப் பெண்கள்தான். 1990-இல் ஃப்ளோரிடாவில் டூ லைவ் க்ரூ என்ற குழுவின் ஆல்பம் ஆபாசம் என்று ஒரு நீதிபதி தீர்ப்பு சொன்னார். சில நாளிலேயே, கச்சேரி செய்ததற்காகக் குழுவினர் கைதானார்கள். ஹென்றி லூயி கேட்ஸ் என்ற பேராசிரியர் அவர்கள் பக்கம் சாட்சி சொன்னார். இது கறுப்பின மக்களிடம் காலங்காலமாக இருக்கும் வாய்ச்சண்டை விளையாட்டு, மிகைப்படுத்தித் திட்டுவதுதான் அதன் இலக்கணம், அப்படியே அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது என்பது அவர் வாதம். நமக்கு இது புரியும். மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி பிரிந்து விடிய விடிய லாவணி பாடிய ஊர்க்காரர்கள் நாம். குழு விடுதலையானது. ஆபாசம் என்ற தீர்ப்பும் 1992-இல் மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை அப்போது எழுதியதுதான் இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. அவரும் கறுப்பினப் பெண். இதைவிட மோசமான சரக்கு அதே ஊரில் தடையில்லாமல் விற்கும்போது கறுப்பு இளைஞர்களை மட்டும் பிடித்தது இனவெறி என்றார். ஆனால் மரபு, விளையாட்டு, சிரிப்பு என்று சொல்லித் தப்பிக்கவும் அவர் விடவில்லை. அந்தச் சிரிப்பு முழுக்கப் பெண்களைப் பலிகொடுத்து வருகிறது என்பதைக் கேட்ஸ் மாதிரி ஆட்கள் கண்டுகொள்ளவில்லை என்றார். இரண்டு பக்கமும் தலையாட்டும் சமரசம் இல்லை இது. இரண்டு பக்கத்தோடும் சண்டை.

2004-இல் அட்லாண்டாவில் நடந்தது உங்கள் வீட்டுக்கு இன்னும் நெருக்கம். அங்கே ஸ்பெல்மன் என்று கறுப்பின மாணவிகளுக்கான கல்லூரி இருக்கிறது. நெல்லி என்ற பாடகரின் அறக்கட்டளை எலும்பு மஜ்ஜைக் கொடையாளர்களைப் பதிவு செய்ய அங்கே வருவதாக இருந்தது. அவருடைய அக்காவுக்கே ரத்தப் புற்றுநோய், நல்ல காரியம்தான். ஆனால் அவருடைய ஒரு வீடியோவில், ஒரு பெண்ணின் பின்பக்கத்தில் கிரெடிட் கார்டைத் தேய்க்கும் காட்சி வருகிறது. வாருங்கள், ஆனால் முதலில் அந்த வீடியோவைப் பற்றி எங்களோடு உட்கார்ந்து பேசுங்கள் என்றார்கள் மாணவிகள். முகாம் ரத்தானது. நன்றி கெட்டவர்கள் என்று அந்தப் பெண்களுக்குத்தான் வசவு. அவர்கள் பாட்டைத் தடை செய் என்று கேட்கவே இல்லை. ஹிப் ஹாப் கேட்டே வளர்ந்தவர்கள், அதனால்தான் கேள்வி கேட்டார்கள்.

தடை கேட்டவர்களும் உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போன டெலோரஸ் டக்கர், டைம் வார்னர் கம்பெனியின் பங்கை வாங்கிக்கொண்டு பங்குதாரர் கூட்டத்திலேயே எழுந்து, இந்தப் பாட்டை விற்று லாபம் பார்க்கிறீர்களே என்று கேட்டார். எனக்கு அந்த அம்மாள் மேல் மரியாதை உண்டு. 1995-இல் டைம் வார்னர், இன்டர்ஸ்கோப் என்ற இசை நிறுவனத்தில் தனக்கிருந்த பங்கை விற்று வெளியேறியது. அடுத்த வருடமே வேறொரு பெரிய கம்பெனி உள்ளே வந்தது. பாட்டு ஒரு நாள்கூட நிற்கவில்லை. உங்கள் தம்பி சொல்கிறபடி போனைப் பிடுங்கினாலும் கதை இதேதான். உங்கள் பையன் நண்பன் போனில் கேட்பான், உங்களிடம் காட்டுவதை மட்டும் நிறுத்திவிடுவான்.

இதில் நாம் ரொம்ப உயரத்தில் ஏறி நின்று பேசவும் முடியாது. காதலிக்க மறுத்த பெண்ணைத் திட்டும் சினிமாப் பாட்டை மினி பஸ்ஸில் தினம் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறோம். 2011 வாக்கில் இணையத்தில் பெரிதாகப் பரவிய ஒரு தமிழ் ராப் பாட்டே, பெண்கள் குடிப்பதையும் உடுத்துவதையும் நக்கலடித்ததுதான். அதே ராப்பைக் கானாவோடு சேர்த்து, சாதியைக் கேள்வி கேட்க வைத்தது 2018-இல் சென்னையில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு. மகனிடம் பேச உங்களுக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டாலே போதும்.

என் வேலையோடு சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் லாஜிக் என்ற ராப் பாடகர் ஒரு பாட்டு வெளியிட்டார். அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்தான் பாட்டின் தலைப்பே. சாக நினைக்கும் ஒருவன் அந்த எண்ணுக்குப் போன் செய்கிறான், பேசுகிறான், பிழைக்கிறான். அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாட்களை எடுத்து ஆராய்ந்தபோது, உதவி எண்ணுக்கு வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்திருந்தன. தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட 245 குறைந்திருந்தன. 2021-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கணக்கு இது. பாட்டு கெடுக்கும் என்று நம்புகிறவர்கள் இதையும் நம்பத்தான் வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போய் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். முழுப் பக்கத்தையும் படித்தீர்களா என்று பணிவாகவே கேளுங்கள், சண்டை வேண்டாம். கவுன்சலிங் தண்டனை இல்லை, மகனுக்கு விருப்பம் இருந்தால் போகட்டும். ஆனால் எழுதியதற்காகப் போகிறோம் என்று அவனுக்குத் தோன்றினால் அடுத்த நோட்டை ஒளித்துத்தான் வைப்பான்.

மகளிடம் அர்த்தம் கேட்டது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் அம்மாவுக்கு அந்தச் சொற்களை மொழிபெயர்த்துச் சொல்வது கொடுமை. மகனிடமே கேளுங்கள். அவன் நெளிவான், நெளியட்டும். பாதியில் நிறுத்தி, இந்த வரியை உன் தங்கச்சி பெயர் போட்டுப் பாடுவாயா என்று கேளுங்கள். கோபமாக வேண்டாம், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேளுங்கள். பாட்டு கேட்கும் ஆப்களில், வயது வந்தோருக்கான சொற்கள் உள்ள பாட்டுக்குப் பக்கத்தில் ஆங்கில 'ஈ' எழுத்து ஒன்று இருக்கும். அப்படிப்பட்டதை வராமல் நிறுத்திவைக்க பல ஆப்களின் செட்டிங்ஸில் வழி உண்டு. மகள் போனில் அதைச் செய்துவிடுங்கள். பதினாறு வயதுக்காரனுக்கு அது செல்லுபடியாகாது.

உண்மையைச் சொன்னால், பாட்டைவிட இயர்போன் சத்தமும் அவன் தூங்கும் நேரமும்தான் என்னை உறுத்துகிறது. பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கிற அளவு சத்தம் வைத்தால் காதுக்குக் கேடு. இரவு பதினொரு மணிக்குப் போன் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள், அது உங்கள் போனுக்கும் சேர்த்து.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. குறிப்பிட்ட ஒருவர் பெயரைப் போட்டு மிரட்டி எழுதுவது, நிஜக் கத்தியைப் பையில் வைத்துக்கொள்வது, நண்பர்களை ஒரேயடியாக விடுவது, சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெடுவது, தன்னைக் கீறிக்கொள்வது, நான் இல்லாமல் போனால் என்று பேசுவது. இதில் எது இருந்தாலும் யோசிக்காமல் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஒன்பது மணி ஷிஃப்டை உங்களால் மாற்ற முடியாது, அது எனக்குத் தெரியும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அவனைக் கம்பெனி கேட்டுக்கு வரச்சொல்லுங்கள். பக்கத்துப் பேக்கரியில் இரண்டு டீ சொல்லிவிட்டு நோட்டைக் கொடுங்கள். அவன் பிரித்துக் காட்டுகிற பக்கத்தை மட்டும் பாருங்கள். கத்திப் பேச்சை நீங்கள் எடுக்க வேண்டாம். அந்த நாலாவது வரியை மட்டும் அவன் வாயாலேயே படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.